கருத இடமில்லை

தாலுகா ஆபீஸிலிருந்து என் அக்காவுக்கு வந்த காகிதத்தில் மொத்தம் மூன்று வாக்கியங்கள். முதலாவதில் அவளுடைய மனுவின் எண்ணும் தேதியும். மூன்றாவதில் மனு நிராகரிக்கப்படுகிறது என்ற முடிவு. நடுவில் இருந்ததுதான் காரணம்: மனுதாரருக்கு வங்கியில் பணிபுரியும் சகோதரர் இருப்பதாலும், அவரது ஆதரவில் இருந்து வருவதாலும், ஆதரவற்றவர் எனக் கருத இடமில்லை.

அந்தச் சகோதரன் நான்.

பத்துப் பன்னிரண்டு வருஷங்களாகப் பிறர் எழுதியவற்றைப் பற்றி அபிப்ராயம் சொல்லிவருகிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. அதில் என் பெயர்கூட இல்லை. நான் ஒரு காரணமாக மட்டும் இருந்தேன்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயர்களை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து 1929-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பி.ஏ. வகுப்பில் நோட்ஸாகத்தான் எனக்கு அது அறிமுகம். எழுதியவர் யார் என்பதை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. யார் சொல்லி இப்படி எழுதினார்கள், என்ன எதிர்பார்த்து எழுதினார்கள் என்று வீட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்த நடு வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு தகவல்களும் ஒரு தீர்ப்பும் இருந்தன. சகோதரர் இருக்கிறார் என்பது உண்மை. அவர் ஆதரவில் இருந்து வருகிறார் என்பது உண்மையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பதில் சொல்வதைத் தவிர்க்க எத்தனை வழிகள் உண்டோ அத்தனையிலும் முதலில் போய்ப் பார்த்தேன்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். இரண்டு வயதில், 1980-ல், போலியோ வந்தது. நாடு முழுவதும் சொட்டு மருந்து தினம் என்று ஒன்று ஏற்பட்ட 1995-ல் அவளுக்குப் பதினேழு வயது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோவற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டபோது அவள் காலிப்பர் போட்டுக்கொண்டு, கையால் சுற்றும் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வியாதி ஒழிந்துவிட்டது, வியாதி வந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பது தாண்டியதும் அவளுக்கு வலது தோள் பலவீனமாயிற்று. கம்பை ஊன்றியதும் மெஷினைச் சுற்றியதும் அந்தக் கைதான். போலியோ வந்து பல வருஷங்கள் கழித்து இப்படிப் புதிதாகப் பலவீனமும் வலியும் வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார். ரவிக்கை நின்றது. புடவைக்கு ஃபால் தைப்பது மட்டும் மிஞ்சியது. அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு வேலை வேறு ஊரில்.

2024-ல் அவளாகவே பென்ஷனுக்கு மனுக் கொடுத்தாள். கொடுத்தபின்தான் எனக்குச் சொன்னாள்.

இந்தப் பென்ஷனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் ஏற்பட்டது. உடல் ஊனமுற்றோருக்கானது 1974-ல் வந்தது. வரும்போதே ஆதரவற்ற என்ற அடைமொழியோடுதான் வந்தது. அடுத்த வருஷம் விதவைகளுக்கு வந்ததும் அப்படித்தான். 2010 வாக்கில் ஊனமுற்றோர் என்ற சொல்லை அரசு ஏடுகளிலிருந்து எடுத்துவிட்டு மாற்றுத் திறனாளி என்று போட்டார்கள். எங்களுக்கு வந்த காகிதத்திலும் மாற்றுத் திறனாளி என்றே இருந்தது. ஆதரவற்ற மட்டும் அரை நூற்றாண்டைத் தாண்டி அப்படியே வந்து சேர்ந்திருந்தது. பெயர்ச்சொல்லைச் சீர்திருத்திவிட்டுப் பெயரெச்சத்தை விட்டுவிட்டார்கள் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் ரசித்தார். அப்படி ஒரு வாக்கியம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தொகை விவரமும் சொல்ல வேண்டும். 2009-ல் ஏற்பட்ட மத்திய அரசுத் திட்டத்துக்கு ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அக்காவின் சான்றிதழ் 60 சதவீதம். ஆகவே அவளுக்கு மாநிலத் திட்டம்தான். அதில் தொகை 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் முதியோர் தொகை 1,200 ஆயிற்று. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவு, இவர்களுக்குத் தரும் உதவி அதே மாதிரித் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 1,200-ம் அதில் கால்வாசியும் சேர்ந்தால் 1,500. ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே பிரிவு, இந்த உதவி எதற்காக என்றும் சொல்கிறது: அவர்கள் சுயேச்சையாக வாழ்வதற்கு. சட்டம் சுயேச்சை என்கிறது, தாலுகா ஆபீஸ் ஆதரவு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் அக்கா.

முதலில் நான் தவறான பிரிவைப் படித்தேன். அந்தச் சட்டத்தின் 59-ம் பிரிவு மேல்முறையீட்டைப் பற்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை வைத்துக்கொண்டு குறிப்புகள் எடுத்தேன். பிறகுதான் புரிந்தது, அது சான்றிதழை எதிர்த்து, அதாவது ஊனமில்லை என்றோ குறைவு என்றோ டாக்டர்கள் சொல்லிவிட்டால் செய்யும் முறையீடு. அக்காவின் ஊனத்தை யாரும் மறுக்கவில்லை. அவளுடைய காலைப் பற்றி சர்க்காருக்கும் எங்களுக்கும் அபிப்ராய பேதம் இல்லை. சந்தேகம் என்னைப் பற்றித்தான்.

தாலுகா ஆபீஸுக்கு நேரில் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். என்னைப்போல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் என்றாலும் எரிந்து விழவில்லை. "ரேஷன் கார்டு தனியா இருக்குல்ல? அப்பறம் என்ன சார். தம்பி ஒண்ணும் குடுக்கறதில்லைன்னு நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. புதுசா ஒரு மனு வைங்க. முடிஞ்சுபோச்சு" என்றார்.

யோசித்தால் இதுதான் சுலபமான வழி. ஆனால் புது மனு வைப்பதென்றால் பழைய மனுவை நிராகரித்தது சரி என்று ஆகிவிடுகிறது. அதோடு ஒரு பொய்க்கு நான் கையெழுத்திட வேண்டும். நான் பணம் அனுப்பியிருக்கிறேன். அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுக்கத் தயங்கியபோது, பொய் சொல்லக்கூடாது என்ற தார்மீகம்தான் என்னைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழியும் தானாகவே வந்தது. எங்கள் கிளையில் நகைக்கடன் வைத்திருக்கும் ஒரு கட்சிக்காரர், விஷயத்தைக் கேள்விப்பட்டு, "ஒரு போன் போட்டா போதும் சார்" என்றார். இலக்கியத்தில் சிபாரிசு என்பதை எதிர்த்து இந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறேன். பரிசுக் கமிட்டிகளைப் பற்றி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். அக்காவைக் கேட்காமலே அனுப்பினேன்.

வீட்டில் மனைவி சொன்னதுதான் எல்லாவற்றிலும் நல்ல யோசனையாகப் பட்டது. "ஆயிரத்து ஐந்நூறுதானே. மாசாமாசம் நாமளே அனுப்பிடலாமே. அவங்க எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்?" உள்ளன்போடு சொன்னாள். கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதியின் அளவுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. அப்படி அனுப்பினால், தாலுகா ஆபீஸ் எழுதியது பின்தேதியிட்டு உண்மையாகிவிடும். அவள் ஆதரவற்றவள் அல்ல என்பது நிரூபணமாகிவிடும். நிரூபித்தது நானாக இருப்பேன்.

மிச்சமிருந்தது மேல்முறையீடு. ஆர்.டி.ஓ.வுக்கு எழுதுவதென்று தீர்மானித்து ஐந்து பக்கம் எழுதினேன். 1974-ல் ஆரம்பித்தேன். அடைமொழியைப் பற்றி எழுதினேன். 24-ம் பிரிவை எழுதினேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவையும் எடுத்துக் காட்டினேன். 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 144-ம் பிரிவு. ஒருவன் யாருக்கெல்லாம் ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது: மனைவி, குழந்தைகள், பெற்றோர். உடன்பிறந்தவர்கள் அதில் இல்லை. நான் கொடுக்காவிட்டால் அந்தப் பிரிவின்கீழ் என் அக்கா என்னைக் கேட்க முடியாது. அப்படியிருக்க, நான் இருக்கிறேன் என்பதை வைத்து அவளுக்கு மறுப்பது எப்படி நியாயம் என்று முடித்தேன். என் கட்டுரைகளில் இது ஒன்றுதான் தர்க்கரீதியாக ஓட்டையில்லாதது என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஃபால் தைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு, "நல்லாத்தான்டா எழுதியிருக்கே. ஆனா இதைப் படிச்சா நீ ரொம்பப் படிச்சவன்னு தெரியுது. இப்படி ஒரு தம்பி இருக்கறவளுக்கு எதுக்குப் பென்ஷன்னுதான் அந்த ஆபீசருக்குத் தோணும்" என்றாள்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் ஒரு வாக்கியத்தில் எழுதிய காரணத்துக்கு நான் ஐந்து பக்கம் சாட்சி எழுதியிருந்தேன்.

"அப்ப தம்பி குடுக்கறதில்லைன்னு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"குடுக்கறதில்லைன்னு எழுதாதே. குடுக்கறேன்னும் எழுதாதே. எத்தனை மாசம் குடுத்தேன்னு எழுது."

எழுந்து, கம்பை ஊன்றிப் போய், அலமாரியிலிருந்து தையல் கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். யாருடைய ரவிக்கை, எத்தனை ரூபாய், பாக்கி எவ்வளவு என்று அவள் எழுதிவரும் நோட்டு. அதன் பின்பக்கத்தில் மாதங்களைக் கோடு போட்டு எழுதியிருந்தாள். 2023 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 24 வரிகள். பதின்மூன்று வரிகளில் 1,500 என்று இருந்தது. பதினொரு வரிகள் காலி. குறை சொல்லும் ஒரு வார்த்தையும் இல்லை. சில காலி வரிகளின் ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் ஒரு தொகையும் மட்டும் சின்னதாக இருந்தன.

திரும்பிவந்து என் பாங்க் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவள் நோட்டில் ஒரு பிழையும் இல்லை. மொத்தம் 19,500. மாதத்துக்குச் சராசரி 812 ரூபாய் 50 பைசா. பென்ஷன் தொகையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். காலி மாதங்களுக்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. பையனின் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. 2024 மார்ச்சுக்கு நேரே என் கணக்கில் 5,000 ரூபாய் பற்று இருந்தது. இந்தப் பத்திரிகையின் சிறப்பிதழுக்குக் கொடுத்தது. நாம் ஒவ்வொரு இதழின் பின்னட்டையிலும் ஆதரவு கேட்கிறவர்கள். கேட்டதற்குக் கொடுத்தேன். அக்கா கேட்கவில்லை. அவளுடைய நோட்டில் அந்த மார்ச் காலியாக இருக்கிறது. கொடுத்ததற்காக வருந்துகிறேன் என்றோ, நண்பர்கள் வருந்த வேண்டும் என்றோ இதை எழுதவில்லை. ஆதரவு என்ற சொல்லை நான் எந்தெந்த இடங்களில் எந்தெந்த அர்த்தத்தில் புழங்கிவந்திருக்கிறேன் என்பதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

தம்பி ஒன்றும் கொடுப்பதில்லை என்று எழுதக் கூசியது பொய்யை நினைத்து அல்ல என்று இப்போது தெரிகிறது. அந்தப் பொய்யில் கலந்திருந்த உண்மையைப் பார்த்துத்தான் கூசியது.

அடுத்த வேலைநாள் மேஜைக்கு வந்ததும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பாரத்தை எடுத்தேன். மாதாமாதம் இன்ன தேதியில் இன்ன தொகை என் கணக்கிலிருந்து இன்னார் கணக்குக்குப் போக வேண்டும் என்ற உத்தரவு. வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இதைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். அக்காவுக்குச் செய்யத் தோன்றியதில்லை. பேனாவை எடுத்தபின்தான் சிக்கல் புரிந்தது. மேல்முறையீட்டில் என் ஆதரவு நிலையற்றது என்று சொல்லப்போகிறேன். அதே வாரம் அதை நிலையாக்கினால் முறையீட்டின் அஸ்திவாரம் போய்விடும். அவளுக்கு உரிமை கிடைக்க வேண்டுமானால் நான் மோசமான தம்பியாகவே தொடர வேண்டும். நல்ல தம்பியாக மாறினால் அவள் தோற்பாள். சர்க்கார் இதைத் திட்டமிட்டிருக்காது. ஆனால் ஆதரவற்ற என்ற சொல்லை வாசலில் நிறுத்திவைத்தால் உள்ளே நடப்பது இதுதான். ஒருவர் உதவ முன்வந்தால் இன்னொருவர் விலகிக்கொள்கிறார்.

அக்காவுக்கு போன் செய்தேன். "பென்ஷன் வந்தப்பறம் போட்டுக்கலாம்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். "போடணும்னா போடு. போட்டதையும் சேத்து எழுதிடு. மறைக்க என்ன இருக்கு?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருதே, அதுக்கு உனக்குத் தம்பி இருக்கானான்னு யாரும் கேக்கலை. அதோட பேரிலேயே உரிமை இருக்கு பாரு" என்றாள். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுவருகிறேன். சொற்களைப் பற்றி எழுதுகிறவன் நான். கவனித்தது அவள்.

பாரத்தில் கையெழுத்திடும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேண்டிய வாக்கியம் கிடைத்தது. அந்த உத்தரவைப் போட என் கையெழுத்துத்தான் வேண்டும். நிறுத்தவும் என் கையெழுத்துப் போதும். இரண்டு இடத்திலும் அவளுடைய கையெழுத்துக்கு இடமே இல்லை. பணம் யாருக்குப் போகிறதோ அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடிய ஒன்றை உதவி என்று சொல்லலாம், அன்பு என்று சொல்லலாம். அதை நம்பி ஒருவர் அரிசி பருப்பைத் திட்டமிட முடியாது.

ஐந்து பக்கத்தையும் கிழித்துவிடவில்லை, எடுத்து வைத்தேன். புதிய மேல்முறையீடு ஒரே பக்கம். அக்காவின் பெயரில், அவள் சொல்லச் சொல்ல எழுதியது. கருணை கூர்ந்து என்று ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். என் தம்பி 24 மாதங்களில் 13 மாதங்கள் பணம் அனுப்பினான். 11 மாதங்கள் அனுப்பவில்லை. பாங்க் கணக்கின் நகல் இணைத்திருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறான். அதை எந்த நாளிலும் என்னைக் கேட்காமல் அவன் நிறுத்தலாம். எனக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று அவனைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அவன் இருப்பதை வைத்து எனக்கு மறுத்தது சரியல்ல. இவ்வளவுதான். ஜீவனாம்சப் பிரிவின் எண்ணை மட்டும் நான் சேர்த்துக்கொள்ள அனுமதித்தாள். இதுவும் நிராகரிக்கப்பட்டால் அடுத்தது மாநில ஆணையருக்கு. 80-ம் பிரிவின்படி அவரிடம் முறையிடலாம். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி என்ன செய்தார் என்று மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். இதை மனுவில் எழுதவில்லை. பயமுறுத்துவதுபோல் இருக்கும் என்றாள்.

விசாரணை நாளன்று லீவு போட்டுவிட்டு அக்காவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆபீஸ் மாடியில் இல்லை. அது ஒரு அதிர்ஷ்டம். அதிகாரி சின்ன வயதுக்காரர். பக்கத்தை ஒருமுறை படித்தார். கணக்கு நகலில் காலி மாதங்களுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தத் தம்பியா?"

"ஆமாம்."

அக்காவிடம் தோள் வலியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். உத்தரவு தபாலில் வரும் என்றார்.

இதை எழுதும்போது உத்தரவு வரவில்லை. இதற்கிடையில் ஒருமுறை ஊருக்குப் போனபோது நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்த மாதத்துக்கு நேரே 1,000 என்று எழுதியிருந்தாள். மற்ற வரிகளில் எழுதியிருந்த அதே மையில், அதே அளவில். அடுத்த மாதத்தின் பெயரை எழுதி, கோடு போட்டு, எதிரே காலியாக விட்டிருந்தாள்.